மறுபிறவி எடுத்த கடற்படைத் தளபதி

உயர்தர வகுப்பில் வரலாறு கற்கும் மாணவன் ஒருவன், சென்ற தவணையில் ஒருநாள், பாடம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பின்னர் என் மேசையருகே வந்து தயங்கி நின்றான். விசாரித்தபோது, தான் யப்பானியச் சித்திரப்படம் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னான். அதிலே ஒரு கடற்படைத் தளபதி விமானத்தில் செல்கையில் எதிரிகளாற் சுட்டு வீழ்த்தப்படுகிறார். இறந்துபட்டவர் மீண்டும் கண் விழிக்கிறார். விழித்துப் பார்த்தால் ஆண்டு 1905. அவருக்கு வயது 21. கடற்போர் ஒன்று அப்பொழுதுதான் ஓய்ந்திருக்கிறது. 38 ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, நடக்கப்போவது அனைத்தையும் அறிந்தவராய், தமது வாழ்வை மறுமுறை தொடங்குகிறார்.

“சேர், இந்தாள் உண்மையா இருந்தவரோ, இல்லாட்டிக் கதைக்காரர் கட்டினதோ?” என்று கேட்டான்.

ஆள் உண்மை, மறுபிறவிதான் கட்டுக்கதை. அவனுக்கு அன்று நான் சொன்னவற்றையும், சொல்ல நேரமில்லாது விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அத்தளபதியின் பெயர் யமமோட்டோ இசொரொக்கு. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் யப்பானின் கூட்டுக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர். 1941 டிசம்பரில் ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ள் துறைமுகத்தைத் தாக்கும் திட்டத்தை வகுத்தவர். அவரைக் கதாபாத்திரமாக்கியவர் அராமக்கி யோஷியோ என்னும் விஞ்ஞானப் புனைகதை ஆசிரியர். 1933இல் ஒக்கைடோத் தீவின் ஒத்தாரு நகரிற் பிறந்த இவர், போர் முடிந்தபோது 12 வயதுச் சிறுவன். இவர் 1990களில் எழுதி வெளியிட்ட தொடர் நாவலின் பெயர் ‘கொன்பெக்கி நோ கன்தாய்’. தமிழில் ‘ஆழ்நீலக் கடற்படை’ எனலாம். 20 நூல்களாக வந்த அந்நாவலைத் தழுவி 1993 முதல் 2003 வரை 32 பகுதிகளாக ஒரு சித்திரப்படத் தொடரும் தயாரிக்கப்பட்டது. எம் மாணவன் பார்த்தது அதன் முதற் பகுதியாகும்.

அக்காலத்தில் யப்பானிலே இத்தகைய ‘கற்பனைப் போர்’ நாவல்கள் புற்றீசல் போல வெளிவந்தன. போரின் போக்கு ஓரிடத்திலே மாறியிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும் என்பதே அவற்றிற்கெல்லாம் பொதுவான கரு. அராமக்கியின் நாவல் அவற்றுள் புகழ் வாய்ந்தது. மறுபிறவி என்பது நமக்கு ஒன்றும் புதிதன்று. ஆயின் நம்முடைய புராணக் கதைகளில் முற்பிறப்பின் நினைவு வரப்பெற்றவர் பெரும்பாலும் பற்றை விட்டுக் காட்டை நாடுவர். அராமக்கியின் தளபதியோ தேசப்படத்தை விரித்துவைத்துக் கணக்குப் போடத் தொடங்குகிறார். அன்றியும், பிறவியானது காலத்திற் பின்னோக்கியும் செல்லும் என்பதை நம் சித்தாந்திகள் ஒப்புவார்களோ என்பது வேறு விடயம்.

கதையை விளங்கிக்கொள்வதற்கு முன்னர் உண்மை மனிதரைச் சற்று அறிதல் வேண்டும்.

அவர் 1884 ஏப்ரில் 4ஆந் திகதி வடமேற்கு யப்பானிலுள்ள நகாஓக்கா என்னும் ஊரிற் பிறந்தார். தகப்பனார் தக்கானோ சதயோஷி என்னும் பழைய சாமுராய்க் குலத்தவர். மகன் பிறந்தபோது அவருக்கு வயது 56 ஆயிற்று. ஆகவே குழந்தைக்கு ‘ஐம்பத்தாறு’ என்றே பெயரிட்டுவிட்டார். இசொரொக்கு என்பதன் பொருள் அதுவே. நகாஓக்காச் சிற்றரசு 1868ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போரில் பேரரசரின் படைக்கு எதிராக நின்று தோற்றது. தோற்றோர் ஊரிலே, வறிய குடும்பத்திலே வளர்ந்த சிறுவன், அதே பேரரசரின் கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்து 1904இல் தேறி வெளியேறினான்.

அடுத்த ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி சுஷிமா நீரிணையில் இரஷ்யக் கடற்படையை யப்பான் முறியடித்தது. அப்போரில் ‘நிஷின்’ என்னும் போர்க்கப்பலிற் பணிபுரிந்த இளம் தக்கானோ படுகாயமடைந்து இடக்கையின் இரண்டு விரல்களை இழந்தார். பிற்காலத்தில் கைந்நகம் சீர்செய்யும் கடைகளில், பத்து விரலுக்கு ஒரு யென் கட்டணமாயிருக்க, இவரிடம் 80 சென் மாத்திரமே வாங்கினராம். அதனால் ‘எண்பது சென்’ என்பதே அவருக்குச் செல்லப் பெயராயிற்று. இதனைச் சொல்லி அவரே சிரிப்பாராம். கதையிலே மறுபிறவி தொடங்குவதும் இந்தச் சுஷிமாப் போரின் முடிவிலேதான். 1916இல் நகாஓக்காவின் மற்றொரு பழங்குடும்பமாகிய யமமோட்டோக் குடும்பம் இவரைத் தத்தெடுத்துக்கொண்ட பின்னரே யமமோட்டோ என்ற பெயர் வந்தது. மறுபிறவி எடுத்த தளபதி நாவலிலே தக்கானோ இசொரொக்கு என்று பிறந்த பெயராலேயே வழங்கப்படுவது வாசகருக்கு ஒரு குறிப்பு. இவர் அந்த யமமோட்டோ, ஆயினும் அவரல்லர்.

1919 முதல் 1921 வரை அமெரிக்காவிலே ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1926 முதல் 1928 வரை வாஷிங்டன் தூதரகத்திற் கடற்படை அதிகாரியாக இருந்தார். மது அருந்தாதவர், ஆனால் சீட்டாட்டத்திலே பெரும் பிரியர். அமெரிக்காவில் அவர் கண்டு மனத்திற் பதித்தவை டெட்ரொய்ட் நகரின் மோட்டார்த் தொழிற்சாலைகளும் டெக்ஸாஸின் எண்ணெய்க் கிணறுகளுமாம். அவற்றைக் கண்ட எவரும் யப்பான் அந்நாட்டோடு போட்டியிட்டுக் கப்பல் கட்ட இயலாதென்பதை உணர்வர் என்று நாடு திரும்பிப் பலரிடமும் கூறினார். அவர் சொன்னதில் மிகையில்லை. யப்பான் பயன்படுத்திய எண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 வீதம் அந்த அமெரிக்காவிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

1936 முதல் 1939 வரை அவர் கடற்படை உபமந்திரி. அக்காலத்தில் இராணுவத்தார் ஜேர்மனியோடும் இத்தாலியோடும் உடன்படிக்கை செய்ய விரும்பினர். யமமோட்டோ அதனை வெளிப்படையாக எதிர்த்தார். அமெரிக்காவோடும் பிரித்தானியாவோடும் போர் மூள்வதற்கு அது வழிகோலும் என்றார். தீவிரவாதிகள் அவரைக் கொன்றுவிடுவதாகப் பயமுறுத்தினர். 1939 ஓகஸ்ட் மாதம் கடற்படை மந்திரியாயிருந்த யொனாய், இவரைத் தலைநகரிலே வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்று கருதி, கூட்டுக் கடற்படையின் தலைமைத் தளபதியாக்கிக் கடலுக்கு அனுப்பிவிட்டார். போரை எதிர்த்ததற்காகக் காப்பாற்றப்பட்ட மனிதர், காப்பாற்றப்பட்ட காரணத்தாலேயே போரை நடத்தும் பதவியில் அமர்ந்தார். 1940 செப்டெம்பர் 27ஆந் திகதி, அவர் எதிர்த்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

அவ்வேளையிலே பிரதமர் கொனொயே அவரை அழைத்து, அமெரிக்காவோடு போர் மூண்டால் நிலைமை எப்படியிருக்கும் என்று வினவினார். அதற்கு யமமோட்டோ, போரிடத்தான் வேண்டுமென்றால் முதல் ஆறு மாதமோ ஓராண்டோ வேகமாக அடித்துக் காட்டலாம், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளைப் பற்றித் தமக்குச் சிறிதும் நம்பிக்கையில்லை என்று விடையளித்ததாகக் கொனொயே பின்னர் எழுதி வைத்தார். பேர்ள் துறைமுகத் தாக்குதல் 1941 டிசம்பர் 7ஆந் திகதி நிகழ்ந்தது. மிட்வேத் தீவின் அருகே யப்பானின் நான்கு விமானந் தாங்கிக் கப்பல்கள் அழிந்தது 1942 ஜூன் மாதம் 4ஆந் திகதி தொடங்கிய போரில். நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள்; ஆறு மாதத்துக்கு மூன்று நாள் குறைவு.

இதை வகுப்பிலே சொன்னபோது மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு கேட்டான்: “அப்ப அவருக்கு முதற் பிறவியிலேயே எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஏன் சேர் அவர் மாட்டன் எண்டு சொல்லேல்லை?”

இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். பரீட்சை வினாத்தாள்களில் இப்படியொரு வினாவைக் கண்டதில்லை.

புனைகதை யமமோட்டோவுக்கு ஆசிரியர் கொடுக்கும் பெரும் வரம் எதிர்காலத்தைப் பற்றிய அறிவு. உண்மை யமமோட்டோவுக்கு அந்த அறிவில் முக்கியமான பாகம் மறுபிறவி இன்றியே வாய்த்திருந்தது. எந்தக் கப்பல் எந்நாளில் மூழ்கும் என்பது அவருக்குத் தெரியாது. போர் எவ்வாறு முடியும் என்பது தெரிந்திருந்தது. 1941 ஒக்டோபரில், தமது பழைய வகுப்புத் தோழராகிய ஹோரி தெய்கிச்சிக்கு எழுதிய கடிதத்தில், தமது சொந்தக் கருத்துக்கு முற்றிலும் மாறான ஒரு வழியிலே உறுதியோடு செல்லவேண்டிய விசித்திர நிலைக்குத் தாம் வந்துவிட்டதை வருத்தத்தோடு குறிப்பிட்டார். அதனை விதி என்றே சொல்லிக்கொண்டார்.

ஆனால் அதே ஒக்டோபர் மாதத்தில் நடந்த வேறொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேர்ள் துறைமுகத் திட்டம் மிகவும் ஆபத்தானது என்று தோக்கியோவிலிருந்த கடற்படைத் தலைமைப் பீடத்தார் தயங்கினர். யமமோட்டோ தம்முடைய அதிகாரி குரோஷிமாவை அங்கே அனுப்பினார். திட்டம் ஏற்கப்படாவிட்டால் தாமும் தம் அதிகாரிகளும் பதவி விலகுவதாகத் தளபதி அறிவிக்கச் சொன்னார் என்று அவர் தெரிவித்தார். தலைமைப் பீடம் பணிந்தது. அடுத்த ஆண்டு மிட்வேத் திட்டத்துக்கும் ஏறக்குறைய இதே முறையில் இணக்கம் பெறப்பட்டது.

பதவி விலகுவேன் என்னும் ஆயுதம் அவர் கையிலிருந்தது; அது கூரிய ஆயுதம் என்பதும் நிரூபணமாயிற்று. அவர் அதனைத் தம் போர்த் திட்டத்தை நிறைவேற்றப் பயன்படுத்தினார். போரைத் தடுக்கப் பயன்படுத்தவில்லை. மாணவனின் வினாவுக்கு என்னால் தரக்கூடிய நேர்மையான விடை இவ்வளவே. அவருக்காக வழக்காடுவோர் சொல்வதும் நியாயமற்றதன்று. போரா சமாதானமா என்பதைத் தீர்மானிப்பது கடலிலுள்ள தளபதியின் வேலையன்று, அவர் விலகினால் வேறொருவர் வந்திருப்பார், போர் நின்றிராது. எல்லாம் உண்மையாயிருக்கலாம். இருந்தும், வேறொருவர் வந்திருந்தால் பேர்ள் துறைமுகத்துக்குக் கப்பல்கள் போயிருக்குமா என்ற வினா எழாமற் போகாது. அது அவருடைய மூளையில் உதித்த திட்டம். அன்று ஆறு விமானந் தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்களால் 2,403 அமெரிக்கர் மாண்டனர். அதுவரை பிளவுபட்டிருந்த அமெரிக்க மக்கள் ஒரே நாளில் ஒன்றுபட்டனர்.

இனி நாவலுக்கு வருவோம். அராமக்கி கெட்டிக்காரர், அறிவு மட்டும் போதாதென்பதை அறிந்திருந்தார். ஆகவே அவருடைய தளபதி தனியே நிற்பதில்லை. ஓத்தாக்கா யசபுரோ என்னும் இராணுவத் தளபதியோடு சேர்ந்து இரகசியச் சங்கமொன்றை அமைக்கிறார்; போர் தொடங்கும் தறுவாயில் அவர்கள் ஆட்சியையே கவிழ்க்கின்றனர்; ஓத்தாக்கா பிரதமராகிறார். யுத்தத்தை விரும்பிய கூட்டத்தாரை முதலில் அகற்றாமல், எதிர்காலம் அறிந்த ஒருவராலும் யாதும் செய்ய முடியாதென்பதே இந்த ஏற்பாட்டின் பொருள். என் எண்ணத்தில் நாவலின் சிறந்த பகுதி இதுதான். கதை நிகழும் உலகில் பேரரசரின் ஆண்டுக் கணக்குக்குரிய ‘ஷோவா’ என்னும் பெயரும் ஒலியில் மாறாது, எழுத்தில் மட்டும் வேறாக இருக்கின்றது. வாயாற் சொன்னால் நம் உலகம்; எழுதிப் பார்த்தால் வேறு உலகம். நுட்பமான வேலை.

அதன் பின்னர் கதை ஆயுதங்களின் கதையாகிவிடுகிறது. இரகசிய நீர்மூழ்கிக் கப்பற்படையொன்று, நூலின் பெயர் குறிக்கும் ஆழ்நீலக் கடற்படை, எவரும் அறியாமற் கடலடியிற் சென்று பனாமாக் கால்வாயைத் தாக்குகிறது. இதனைப் படிப்போர் ஆசிரியரின் கற்பனை எல்லை கடந்துவிட்டதென எண்ணக்கூடும். அங்கேதான் வியப்பு. விமானங்களைத் தாங்கிச் செல்லும் பெரும் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டும் யோசனை உண்மை யமமோட்டோவினுடையது. ஐ-400 என்ற வகையைச் சேர்ந்த அக்கப்பல்கள் 122 மீற்றர் நீளமானவை. மடிக்கத்தக்க சிறகுகளையுடைய மூன்று விமானங்களை நீர் புகாத கூண்டொன்றில் வைத்துச் செல்பவை. இடையில் எரிபொருள் நிரப்பாமலே உலகை ஒருமுறை சுற்றி வரக்கூடியவை. பதினெட்டுக் கப்பல்கள் கட்டுவதாயிருந்தது, மூன்றே முற்றுப்பெற்றன. பனாமாக் கால்வாயின் கதவுகளைத் தகர்க்க அவற்றை அனுப்புவதென்று உண்மையிலேயே திட்டமிட்டுப் பயிற்சியும் பெற்றனர். ஆனால் முதலாவது கப்பல் முடிந்தது 1944 டிசம்பரில். யமமோட்டோ இறந்து ஒன்றரை ஆண்டாகிவிட்டது. தாக்குதல் நிகழுமுன் யுத்தம் முடிந்தது. 1946இல் அமெரிக்கர் ஐ-400ஐ ஹவாய்க்கு அப்பால் ஆழ்கடலில் மூழ்கடித்துவிட்டனர். 2013இல் அதன் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. நாவலாசிரியர் செய்ததெல்லாம் அந்தக் கப்பலுக்கு நேரத்தோடு கடலுக்குப் போக வழி செய்ததுதான்.

யமமோட்டோவை நாடிச் சென்ற விஞ்ஞானப் புனைகதை இது ஒன்று மாத்திரமன்று. கவகுச்சி கைஜி 2000 முதல் 2009 வரை எழுதிய ‘ஜிப்பாங்’ என்னும் சித்திரக்கதையில், நம் காலத்து யப்பானியப் போர்க்கப்பலொன்று புயலில் அகப்பட்டு 1942 ஜூன் மாத மிட்வேக் கடலிற் போய்ச் சேருகிறது. அங்கும் யமமோட்டோ ஒரு பாத்திரம். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோன் பேர்மிங்ஹாம் 2004இல் வெளியிட்ட நாவலில் எதிர்காலக் கப்பற்படையொன்று அதே 1942க்குத் தள்ளப்படுகிறது. அங்கும் அவர் வருகிறார். இதற்கெல்லாம் முன்னர், 1980இல் வந்த ‘த ஃபைனல் கவுண்ட்டவுண்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்தில், ‘நிமிற்ஸ்’ என்னும் அணுச்சக்தி விமானந் தாங்கிக் கப்பல் பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கு முதல்நாளுக்குச் சென்றுவிடுகிறது. யமமோட்டோவின் படையை ஒரு நொடியில் அழிக்க வல்ல விமானங்கள் அதிலிருந்து புறப்பட்டும் விடுகின்றன. அவை இலக்கை அடையுமுன் காலப்புயல் மீண்டும் வீசி அனைவரையும் இருந்த இடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறது. வரலாற்றில் கைவைக்க அப்படத்தாருக்கு மனம் வரவில்லை. படம் பார்த்து வெளியே வந்தோர் பலர் ஏமாந்திருப்பர்.

விஞ்ஞானக் கதைக்காரரை மாத்திரம் குறை சொல்வானேன்? உறங்கும் அரக்கனை எழுப்பிவிட்டதாக அஞ்சுகிறேன் என்று யமமோட்டோ கூறினார் என எத்தனையோ கட்டுரைகளிற் படிக்கிறோம். அவர் அப்படிச் சொன்னதற்கோ எழுதியதற்கோ சான்று எதுவும் அகப்படவில்லை. 1970இல் வெளியான பேர்ள் துறைமுகத் திரைப்படத்தின் முடிவில் அவர் வாயில் வைக்கப்பட்ட வசனம் அது. உயிரோடிருந்த காலத்திலும் அவருக்கு இந்த அநியாயம் நடந்தது. 1941 ஜனவரியில் எழுதிய கடிதமொன்றில், அமெரிக்காவோடு போரென்றால் வாஷிங்டன் வரை சென்று வெள்ளை மாளிகையிலே சமாதானம் பேசவேண்டியிருக்கும், நம் அரசியல்வாதிகள் அதற்கு ஆயத்தமா என்று ஏளனத்தோடு கேட்டிருந்தார். ஏளனத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை வெளியிட்டதால், வெள்ளை மாளிகையைப் பிடிப்பேன் என்று வீரம் பேசியவராக அமெரிக்க மக்கள் அவரை எண்ணினர்.

எமது தீவையும் அவருடைய ஆணை ஒருமுறை எட்டியது. 1942 ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நகுமோ என்ற தளபதியின் கீழ் ஐந்து விமானந் தாங்கிக் கப்பல்கள் இந்து சமுத்திரத்திலிருந்து கொழும்பைத் தாக்கின. 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே ‘ஹேர்மெஸ்’ என்னும் பிரித்தானிய விமானந் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கியது. திருகோணமலையிலிருந்து சட்டி பானையோடு ஊர்விட்டு ஓடிய கதையை என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அனுப்பியவர் யமமோட்டோ, அவர் யப்பானை விட்டு அசையவில்லை. வந்த ஐந்து கப்பல்களில் மூன்று, இரண்டு மாதத்தின் பின் மிட்வேயில் தாழ்ந்தன.

அந்த மிட்வேயிலும், அவருடைய மரணத்திலும் மற்றொரு விசித்திரம் உண்டு. எதிர்காலத்தை அறிந்தவர்கள் அங்கே உண்மையாகவே இருந்தனர். அவர்கள் ஹவாயில் அமர்ந்து யப்பானியரின் இரகசியச் சங்கேதங்களை உடைத்துப் படித்துக்கொண்டிருந்த அமெரிக்கர்கள். மிட்வேக்குக் கப்பல்கள் வருமென்பதை முன்கூட்டியே அறிந்து காத்திருந்தனர். 1943 ஏப்ரில் 13ஆந் திகதி யப்பானியர் அனுப்பிய செய்தியொன்றில், யமமோட்டோ 18ஆந் திகதி ரபவுலிலிருந்து பூகன்வில் தீவின் அருகிலுள்ள தளத்துக்குச் செல்லும் நேரம், விமானங்களின் தொகை எல்லாம் குறிக்கப்பட்டிருந்தன. அவர் நேரம் தவறாதவர் என்பதையும் எதிரிகள் அறிவர். குவாடல்கனாலிலிருந்து 16 போர் விமானங்கள் கடல்மட்டத்தையொட்டித் தாழப் பறந்து, சுற்றுவழியாய்ச் சென்று, குறித்த நேரத்துக்கே அவ்விடத்தை அடைந்தன. இரண்டு குண்டுவீச்சு விமானங்களும், காவலாக ஆறு சிறு விமானங்களும் எதிரே வந்தன. யமமோட்டோ சென்ற விமானம் காட்டினுள் விழுந்தது. மற்றதிற் சென்ற உகாக்கி என்னும் அதிகாரி கடலில் விழுந்து தப்பினார். மறுநாள் காட்டில் உடலைக் கண்டெடுத்தனர். அவர் இறந்த செய்தியை யப்பானிய மக்களுக்கு மே 21ஆந் திகதி வரை சொல்லவில்லை. ஜூன் 5ஆந் திகதி தோக்கியோவில் அரச மரியாதையுடன் இறுதிக் கிரியை நடைபெற்றது.

அராமக்கியின் நாவல் தொடங்குவது இந்தக் காட்டின் மேலே, விமானம் எரிந்து வீழ்கின்ற அக்கணத்திலேதான். சுட்டு வீழ்த்தப்பட்டவரை விழ விடாது பிடித்துக்கொண்டு போனது அந்தச் சிறுவர் தலைமுறையின் மனம். தோல்வியையும் பசியையும் எரிந்த நகரங்களையும் பத்துப் பன்னிரண்டு வயதிற் கண்ட பிள்ளைகள், பெரியவர்கள் வேறு விதமாய் நடந்திருந்தால் என்று ஆயுள் முழுவதும் எண்ணியிருத்தல் இயல்பே. அதனை நான் இகழமாட்டேன். என் மனக்குறை வேறு. இவ்வகைக் கதைகளிற் கப்பலின் பெயர், பீரங்கியின் விட்டம், விமானத்தின் வேகம் எல்லாம் விரிவாகக் கிடைக்கும். குண்டு விழுந்த தெருவில் இருந்தவர் யாரென்பது அருமையாகவே கிடைக்கும். போர் 1941இல் தொடங்கியதாக அவை நம்மை எண்ணச் செய்கின்றன. சீன நகரங்களின் மேல் யப்பானியக் கடற்படை விமானங்கள் 1937இலேயே குண்டு வீசின. அப்பொழுது கடற்படை உபமந்திரி யமமோட்டோ. அவ்விமானப் படையை வளர்த்தெடுப்பதில் முன்னின்றவரும் அவரே. அமெரிக்கக் கப்பலொன்று சீன ஆற்றிலே தவறாகத் தாக்கப்பட்டது என்று அவ்வாண்டு டிசம்பரில் அவர் அமெரிக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். சீனரிடம் மன்னிப்புக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. மறுபிறவி எடுப்பதாயிருந்தால் அங்கிருந்தல்லவா திருத்தத் தொடங்கவேண்டும்?

இதனையும் மாணவனுக்குச் சொன்னேன். அவன், “அப்பிடி எழுதினா ஆர் சேர் பாப்பினம்?” என்றான். அதுவும் சரியான கேள்விதான்.

நகாஓக்காவில் யமமோட்டோ பிறந்த சிறிய வீட்டைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அண்மையிலுள்ள அவருடைய நினைவுக் காட்சிச்சாலையில், பூகன்வில் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட விமானத்தின் இடச்சிறகு கிடத்தப்பட்டிருக்கிறது. அந்த ஊர் 1945 ஓகஸ்ட் முதலாந் திகதி இரவு அமெரிக்க விமானங்களின் குண்டுகளால் எரிந்தது. ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் ஓகஸ்ட் முதலாந் திகதி இரவு அங்கே வெண்ணிற வாணங்கள் விடப்படும். பேர்ள் துறைமுகத்தை அடுத்துள்ள ஹொனலூலு நகரும் நகாஓக்காவும் 2012இல் சகோதர நகரங்களாயின. 2015 ஓகஸ்ட் மாதம், நகாஓக்காவின் வாணக்காரர் ஹவாய்க்குச் சென்று, பேர்ள் துறைமுகத்து நீரின் மேல் அதே வெண்ணிற வாணங்களை விட்டுவந்தனர்.